ஆறுமணிக்குருவிக்குப் பரப்பிய சருகு

எனக்குப் பறவைகளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்தவர் யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்கக்கூடாது. நான் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். ஊர்காவற்றுறைக் கரையில் கடலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேரின் எஞ்சினுக்குள் என் கை போய் வந்திருக்கிறது. இத்தனை வருடம் கடலோரத்தில் நின்றும், மேலே பறக்கிற ஒன்றை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. குனிந்து வேலை செய்கிறவனுக்கு நிலத்தில் நடக்கிறதுதான் கண்ணில் படும். அதனால் எனக்குத் தெரிந்த பறவைகள் எல்லாம் நடக்கிற பறவைகள்.

நெடுந்தீவுக்கு வேலைக்குப் போனால் வெளிகளில் கௌதாரியைக் காணலாம். ஆளைக் கண்டால் அது பறக்காது. பஸ்ஸுக்குப் பிந்திய மனுசர் மாதிரி விறுவிறு என்று ஓடிப் பற்றைக்குள் நுழைந்துவிடும். மாரி முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையிலேயே காடை நிற்கும். காலை வைக்கிற வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் படாரென்று எழும்பும். நமக்கு நெஞ்சு நின்றுவிடும். ஒருமுறை எண்ணெய் வாளியோடு வந்துகொண்டிருந்த நான் வாளியையும் விட்டு, இடுப்பில் கட்டிய சறத்தையும் விட்டு நின்றேன். நல்ல காலம், ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

கௌதாரியும் காடையும் வருடம் முழுக்க இங்கேயே கிடக்கிறவை. என்னைப் பிடித்துக்கொண்டது ஆறுமணிக்குருவி. அது இங்கத்தைய பறவை அல்ல. ஐப்பசியில், முதல் மழைக்குக் கொஞ்சம் முன்பின்னாக, வடக்கே எங்கிருந்தோ கடல் தாண்டி வரும். மாரி முழுக்க மரங்களுக்குக் கீழே சருகைக் கிளறிக்கொண்டு திரியும். வெயில் ஏறத் தொடங்க, பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் விசில் அடித்த மாதிரிக் கூப்பிடும் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அது கேட்காது. இப்படியான மெல்லிய சத்தங்களை எஞ்சின் எப்போதோ என் காதிலிருந்து பறித்துக்கொண்டுவிட்டது.

எங்கள் வீடு ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. சுற்றிவர மூன்று பக்கமும் ஆள் இல்லாத வளவுகள். சொந்தக்காரர் பிரான்சிலும் கனடாவிலும். கூரை போன வீடுகளுக்குள் வேம்பு முளைத்துச் சுவருக்கு மேலால் தலையை நீட்டி நிற்கிறது. பூவரசு, இலந்தை, பனை வடலி என்று எல்லாம் ஆளுக்கொரு இடம் பிடித்திருக்கின்றன. அதைக் காடு என்று சொல்லவும் ஏலாது, தோட்டம் என்று சொல்லவும் ஏலாது. மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, நிலத்தில் வெளிச்சம் விழுகிற இடம். வேலி பல இடத்தில் இல்லை. எங்கள் பின்வளவு எங்கே முடிகிறது, அவர்களுடையது எங்கே தொடங்குகிறது என்று குருவிக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது.

சண்டையும் இடப்பெயர்வும் முடிந்து நாங்கள் திரும்பி வந்த பிறகு, ஒரு ஐப்பசிக் காலையில்தான் அதை முதலில் கண்டேன். எஞ்சின் கொட்டிலைத் திறந்தால் வாசலில் ஒரு பச்சைத் துணித்துண்டு கிடந்தது. எடுக்கக் குனிந்தேன், துணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. இரவோடிரவாகக் கடல் தாண்டி வந்து விழுந்த களை. பறக்கவும் தெம்பில்லை, பயப்படவும் தெம்பில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட ஓடினேன். அவள் குசினியில் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வாசலில் சிரட்டை மட்டும் இருந்தது.

"எங்கை?" என்றாள்.

"இப்ப இஞ்சைதான் இருந்தது."

"என்ன நிறம்?"

அன்றைக்குச் சொல்லத் தொடங்கியதுதான். எனக்குத் தெரிந்த நிறங்களை வைத்துத்தானே நான் சொல்ல முடியும்? முதுகு பச்சை. தோளில் தார்ப்பாய் நீலம். வாலுக்குக் கீழே புது எஞ்சின் மூடியின் சிவப்பு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கழுத்து வெள்ளை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு குருவியிலை இவ்வளவு நிறமோ? ஆருக்குக் காதிலை பூ சுத்துறியள்?" என்று குசினிக்குத் திரும்பிவிட்டாள்.

ஆனால் அன்று மாலை அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஐப்பசியில் ஒருநாள் மாதா கோயிலில் அந்தி மணி அடிக்கிற நேரம் அவள் பின்கதவில் நின்று, "வந்திட்டுது" என்பாள். மறுநாள் காலையில் நான் தேநீர்க் கோப்பையோடு போய் மரங்களுக்குள் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவள் கேட்கிறது, நான் பார்க்கிறது. அவளையும் வரச்சொல்லிப் பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். பாம்பு என்றால் அவளுக்கு உயிர் போகும். பற்றைக்குள் கால் வைக்கமாட்டாள். ஒன்றிரண்டு முறை துணிந்து வந்தபோதும் அவளுடைய செருப்புச் சத்தத்துக்கே குருவி போய்விட்டது. வருடங்கள் இப்படியே போய்விட்டன. வருகிற மாரி இருக்கிறதுதானே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியது. சீனி வருத்தம் முதலே இருந்தது. ஒருநாள் என் தேநீருக்குள் உப்பைப் போட்டாள். நான் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று ஊருக்கே தெரியும். இன்னொருநாள் வாசல் படலைக்குள் நுழைந்த என்னைப் பார்த்து, "ஆர் தம்பி அது?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்குக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். "வலது கண்ணிலை படலத்தை எடுக்கலாம். எடுத்தால் நல்லாத் தெரியும். ஆனா கண்ணுக்குப் பின்பக்கம் சீனி அடிச்சிருக்கு. அது எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. இடது கண்ணைப் பற்றி இப்ப கதைக்காம இருப்பம்." பிறகு என் மனைவியின் கையைத் தட்டி, "தெரியிற காலத்திலை பாக்க வேண்டியதைப் பாருங்கோ அம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது அவள் யன்னலோரம் இருந்தாள். வெளியே கடல் வெளிச்சமாகக் கிடந்தது. அவளுக்கு அது எந்த அளவுக்குத் தெரிந்ததோ. பிள்ளைகளின் முகத்தை அவள் பார்க்கவேண்டும், அது சரி. அவர்கள் வெளிநாட்டில்; போனில் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் திரும்பத் திரும்ப மனதில் வந்தது அந்தக் குருவிதான். இப்போது தை மாதம். அது எங்கள் வளவில் நிற்கிறது. பங்குனிக்குப் பிறகு நிற்காது. அடுத்த ஐப்பசியை நம்ப இனி வழியில்லை. இந்த மாரிக்குள் அவள் அதைப் பார்த்துவிடவேண்டும் என்று பண்ணைப் பாலத்தில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், இந்த மனுசனுக்கு வேறு கவலை இல்லையோ என்று கேட்பாள்.

சத்திரசிகிச்சைக்காக அவளோடு நான் ஆஸ்பத்திரியில் நிற்க, வீட்டைப் பார்க்க என் மச்சாள், அவளுடைய தங்கை, அல்லைப்பிட்டியிலிருந்து வந்தாள். தங்கமான பெண். அவளிடம் ஒரு குறைதான். சும்மா இருக்கத் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு முற்றம் கூட்டுவது வேலை அல்ல, வைராக்கியம். அடுப்பில் உலை வைக்காவிட்டாலும் முற்றத்தில் இலை கிடக்கக்கூடாது. விடியற்காலையில் ஒழுங்கை முழுக்க ஈர்க்குமாற்றின் சத்தம்தான். அது எனக்கே கேட்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிறது என்றால் கேட்கவே வேண்டாம். இதற்குள் டொக்டர் வேறு, கண்ணில் தூசி படக்கூடாது என்று சொல்லியிருந்தார். நான் அதைப் போனில் மச்சாளுக்குச் சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன்.

நாங்கள் ஓட்டோவில் வந்து இறங்கியபோது வளவு பளிச்சென்று இருந்தது. முற்றம் கூட்டியிருந்தது. பின்வளவு கூட்டியிருந்தது. அதோடு நின்றாளா? வேலி இல்லாத இடத்தால் போய், பிரான்ஸ்காரரின் வளவையும் கனடாக்காரரின் வளவில் பாதியையும் கூட்டியிருந்தாள். வேம்புக்குக் கீழே, பூவரசுக்குக் கீழே, கூரை இல்லாத வீட்டின் விறாந்தையில், எங்கே பார்த்தாலும் மாறு இழுத்த கோடுகள். வருடக்கணக்காக உக்கிக் கிடந்த சருகெல்லாம் ஒரு மூலையில் சாம்பலாகப் புகைந்துகொண்டிருந்தது.

"அத்தான், பாத்தீங்களோ? உங்கடை வளவோ எண்டு சந்தேகமா இருக்கெல்லோ?" என்றாள் மச்சாள்.

"சந்தேகமாத்தான் இருக்கு" என்றேன்.

"இனி ஒரு பூச்சி புழு அண்டாது."

"ஓம். ஒண்டும் அண்டாது."

ஒரு கண்ணில் கட்டோடு நின்ற என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "குப்பை எரிச்சனியோ?"

"ஓமக்கா. ஒரு இலை விடேல்லை."

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறக்காதையுங்கோ என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்தப் பிடி எனக்குப் பாடம். நான் கொட்டிலுக்குள் போய், தேவையே இல்லாத ஒரு எஞ்சினைக் கழற்றத் தொடங்கினேன்.

அன்று மாலை கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் மனைவி பின்கதவில் நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வந்து கதிரையில் இருந்தாள். "இண்டைக்குக் கூப்பிடேல்லை" என்றாள். மறுநாளும் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் விடியப் போய் மரங்களுக்குள் நின்று பார்த்தேன். வெறும் தரையில் இரண்டு காகங்களும் ஒரு கோழியும் நின்றன. சருகு இல்லாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் அந்தக் குருவிக்கு இங்கே என்ன அலுவல்?

அன்று மத்தியானம் என்னால் அடக்க முடியவில்லை. "ஆர் உம்மை மற்ற ஆக்களின்ரை வளவையும் கூட்டச் சொன்னது?" என்று மச்சாளிடம் பாய்ந்துவிட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். "அக்கான்ரை கண்ணுக்காகத்தானே அத்தான்..."

"நானும் அக்கான்ரை கண்ணுக்காகத்தான் கத்துறன்!"

பிறகு மனைவி இடையில் புகுந்து அவளை இருத்தி, குருவியைப் பற்றி ஆறுதலாகச் சொன்னாள். இவர் கன வருசமாய்ச் சொல்லுறவர், நான் ஒருக்காலும் காணேல்லை என்று சொன்னாள். மச்சாள் முகத்தைச் சீலைத்தலைப்பால் துடைத்தாள். "இது முந்தியே தெரிஞ்சிருந்தா நான் விளக்குமாறைத் தொட்டிருப்பனே" என்று அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் செய்ததில் என்ன பிழை? இந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

எரித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிதாகத்தான் கொண்டுவர வேண்டும். மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் உரப்பைகளைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். ஒவ்வொரு படலையிலும் கூட்டிக் குவித்த இலைக் குவியல் இருந்தது. நெருப்பு வைக்க முன்னம் கேட்டு வாங்கி, பையில் அடைத்தேன். கேட்டவுடனே தந்தார்கள். ஆனால் வண்டியிலிருந்து சிந்துகிற இலையை அந்தந்த வீட்டுப் பெண்கள் என் பின்னால் கூட்டிக்கொண்டே வந்தார்கள்.

எதிர்வீட்டில் இருக்கிற கடற்தொழிலாளி படலையில் சாய்ந்து நின்று பார்த்தார். அவர் எஞ்சின் என்னிடம்தான் வருகிறது. அந்த உரிமையில் பகிடி விடுவார்.

"என்ன அண்ணை, தோட்டத்துக்குப் பசளையாத் தாக்கப்போறியளோ?"

"இல்லை. மரத்துக்குக் கீழை பரப்பப்போறன்."

"பரப்பி?"

"தண்ணி விடப்போறன்."

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "குப்பைக்கோ?" என்றார்.

"ஓம், குப்பைக்குத்தான்."

மாலைக்குள் இது கரை வரைக்கும் போய்விட்டது. எஞ்சின் புகை மனுசனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது, மனுசியின் கண்ணைத் திருத்த இவருக்குப் பார்வை போய்விட்டது என்று ஆளாளுக்கு ஒவ்வொன்று சொன்னார்கள். சொல்லட்டும். நான் ஒவ்வொரு காலையும் போனேன். வேம்படியில் ஒரு படை, பூவரசடியில் ஒரு படை என்று சருகைப் பரப்பினேன். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். அதற்குப் புழு வருமோ என்று யோசனையாக இருந்தது. பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரைக் குப்பைக்கு ஊற்றினால் மனைவி ஒரு கண்ணாலேயே என்னை எரித்துவிடுவாள். உடுப்பு அலசின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் என்று சேர்த்துச் சேர்த்து ஊற்றினேன்.

மச்சாள் தன் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த கிழமை வந்தாள். பஸ்ஸிலிருந்து அவள் இறங்க, பின்னால் கொண்டக்டர் ஒரு உரப்பையை இறக்கி வைத்தார்.

"இது என்ன?" என்றேன்.

"சருகு. எங்கடை பூவரசு."

"பஸ்ஸிலையோ கொண்டந்தனீர்?"

"கொண்டக்டர் கேட்டவர், உள்ளுக்கை என்னக்கா எண்டு. குப்பை எண்டு சொன்னனான். அவர் நம்பேல்லை. திறந்து பாத்திட்டுத்தான் விட்டவர்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைக் கசக்கக்கூடாது, கசக்கக்கூடாது என்று நாங்கள் இருவரும் அவள் கையைப் பிடிக்கவேண்டியதாயிற்று. அந்த மூட்டையை மச்சாளே கொண்டுபோய்ப் பரப்பினாள். பரப்பிவிட்டு, பழக்கதோசத்தில் ஓரத்தைக் காலால் ஒதுக்கி நேராக்கினாள்.

மாசியில் வேம்பு தானாகவே இலை கொட்டத் தொடங்கியது. நான் முதுகு முறியச் சுமந்ததைப் போல இரண்டு மடங்கை ஒரு காற்றில் கொட்டிவிட்டுச் சும்மா நின்றது. எனக்கு அந்த மரத்தின் மேலும் கோபம் வந்தது. ஆனால் சருகைக் கிளறிப் பார்க்க, கீழே ஈரத்தில் மண்புழு நெளிந்தது. அன்றைக்கு முழுக்க நான் சந்தோசமாக இருந்தேன்.

இதற்குள் அவளுடைய கட்டு அவிழ்த்தாயிற்று. அவிழ்த்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "இதென்ன, இவ்வளவு நரைச்சுப்போச்சே?" என்றாள். வீட்டுக்கு வந்து குசினியைப் பார்த்தாள். "இந்தச் சட்டியிலையோ நான் இவ்வளவு நாளும் சமைச்சுத் தந்தனான்? நீங்களும் சாப்பிட்டனீங்களோ?" என்று தலையில் கை வைத்தாள். சுவரில் இருந்த கீறல், என் சேர்ட்டில் இருந்த எண்ணெய்க் கறை, யேசுநாதர் படத்தின் தூசி, ஒன்றும் தப்பவில்லை. ஒரு கண்தான். ஆனால் இரண்டு பேருக்குப் போதுமான கண்.

ஒரு மாலை மணி அடித்த பிறகு அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "கூப்பிடுது" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து நான் அவளுக்குக் கொடுத்த கரைச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. வேம்படிக்கு எதிரே கதிரை போட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு காலையில் அவளை அங்கே கொண்டுபோய் இருத்தினேன். இருமாதையும், காலை ஆட்டாதையும், வளையலைக் கழற்றும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் பொறுத்தாள். குருவி ஒருமுறை பூவரசுக்குப் பின்னால் தத்திப் போனது, நான் கண்டேன். "அங்கை, அங்கை" என்று நான் கை நீட்ட, அந்தக் கையைப் பார்த்துவிட்டு அது போய்விட்டது. அவளுக்குத் தெரிந்தது என் கைதான். மாசி இப்படியே போனது, பங்குனியும் பிறந்தது. வெயில் ஏறியது. நான் நித்திரையிலும் கதிரையை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை அவள் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். "எனக்கு ஏலாது. கோயில் சுரூபம் மாதிரி எத்தினை நாளைக்கு இருக்கிறது? உலை கொதிக்குது, நான் போறன்."

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்."

"என்ரை கண்தானே? காணாட்டி நான்தானே காணாமப் போறன்? நீங்கள் ஏன் இந்தத் துடி துடிக்கிறியள்?"

நான் பதிலுக்குக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அடுத்த மாரிக்கு..." என்றேன். மேலே வரவில்லை. டொக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும்; அன்று வரைக்கும் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். கலியாணம் செய்த காலம் தொட்டு அவளிடம் அப்படி ஒன்றை நான் சொன்னதாக நினைவில்லை.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "அடுத்த மாரி எனக்குத் தெரியாட்டி, நீங்கள் பாத்துச் சொல்லுவியள்தானே" என்றாள். "இவ்வளவு காலமும் அப்பிடித்தானே." பிறகு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாரம் தூக்கக்கூடாது என்று கத்திக்கொண்டு நான் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு நான் அவளை இருத்தி வைக்கவில்லை. சருகு கிடந்த பாட்டில் கிடந்தது. மாலையில் அவள், "இண்டைக்கும் கூப்பிட்டது" என்று சொல்வாள், நான், "அப்ப நிக்குது" என்பேன். அவ்வளவுதான். வீட்டு வேலைகள் பழையபடி நடந்தன. அவள் குனியக்கூடாது என்றபடியால் மீன் வெட்டுகிற பொறுப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

ஒரு பின்னேரம் குசினிக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் முன்னால், கதவுப்படியில் இருந்தாள். என் முதுகுக்குப் பின்னால், மீன் கழுவின தண்ணீரும் கோப்பை கழுவின தண்ணீரும் போய்ச் சேருகிற இடத்தில் இரண்டு வாழை நிற்கிறது. அதன் அடி எப்போதும் சேறு. மச்சாள்கூடக் கூட்ட முடியாமல் விட்ட இடம். எனக்கும் அது ஒருநாளும் நினைவில் வராத இடம்.

"செதிளைச் சரியா எடுங்கோ. போன முறை வாய்க்குள்ளை வந்தது. வால்ப்பக்கம் இன்னும்..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

நான் நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்தாள். எனக்குக் கேட்கவேண்டும் என்று மெல்ல முன்னால் சாய்ந்தாள்.

"திரும்பாதையுங்கோ."

"ஏன்?"

"நிக்குது."

ஒரு கையில் கத்தி, ஒரு கையில் மீன். கழுத்தைத் திருப்பினால் போதும். ஆனால் அந்த வளவில் என் கை எத்தனை முறை அதைக் கலைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அசையவில்லை.

"எங்கை?" என்றேன், உதடு அசையாமல்.

"வாழைக்குக் கீழை. சரியா உங்களுக்குப் பின்னாலை. இலையைப் பிரட்டுது. ஒரு புழுவை இழுக்குது... இழுத்திட்டுது." அவள் மூச்சு விட்டாள். "நெஞ்சு பால் தேத்தண்ணி நிறம். இதை நீங்கள் சொல்லேல்லை. கழுத்து வெள்ளை. கண்ணிலை கறுப்புத்துணி கட்டினமாதிரி இருக்கு. வால் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, அதையும் ஆட்டுது. ஆட்டேக்கை கீழாலை சிவப்புத் தெரியுது."

"நீலம்?"

"பொறுங்கோ. அங்காலை திரும்பட்டும்."

நான் பொறுத்தேன். மீனிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. அவளுடைய இடது கண்ணில் வெள்ளை அப்படியே இருந்தது. வலது கண் அசையாமல், அகலமாக, தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணை இவ்வளவு கிட்ட வைத்து நான் எத்தனையோ காலமாகப் பார்த்ததில்லை.

"ஓம்" என்றாள். "தோளிலை. இதையோ தார்ப்பாய் எண்டு சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன நீலம்?"

அவள் கண் நிறைந்துகொண்டு வந்தது.

"கண்ணைத் துடையாதையும்" என்றேன்.

"துடைக்கேல்லை. துடைச்சால் மறைக்கும்." பிறகு மிக மெதுவாக, "சொல்லத் தெரியேல்லை. வடிவு" என்றாள்.

கோயிலில் மணி அடித்தது. அவளுடைய பார்வை என் தோளைத் தாண்டி மரங்கள் பக்கம் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்படியே திரும்பி வந்து என் முகத்தில் நின்றது.

"போயிட்டுது" என்றாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "அட, நீங்கள் பாக்கேல்லையே."

"பாத்தனான்" என்றேன்.